எழுத்துக் கூட்டத் திண்டாடிய ஒரு விஞ்ஞானி

(தோட்டத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் நிகழ்த்திய பேச்சு. கூட்டத்துக்கு வர முடியாமல் போனவர்களும் வாசிப்பதற்காக இங்கே தரப்படுகிறது.)



காலையில் பிரட்டுக்குப் போய், மலையேறி, அந்தி நிறுவை முடிந்து, கால் கழுவக்கூட நேரமில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிறீங்க. அடுப்பில் உலை வைக்க வேண்டிய வேலையும் இருக்கு. ஆகையால் சுற்றி வளைக்காமல் விசயத்துக்கு வருகிறோம்.

டிவிசன் டிவிசனாக நாம் வீடுகளுக்குப் போகும்போது, பாடசாலையை விட்டு நின்றுவிட்ட பிள்ளைகளைப் பார்க்கிறோம். "ஏன் நிப்பாட்டினீங்க?" என்று கேட்டால் காசு இல்லை, தூரம், மழை என்று பல காரணம் வரும். ஆனால் அடிக்கடி வருகிற பதில் இதுதான்: "அதுக்குப் படிப்பு ஏறல்லங்க ஐயா. மண்டையில ஒண்ணும் நிக்கல்ல." பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்றாங்க. அந்தப் பிள்ளை கீழே பார்த்துக்கொண்டு காலால் நிலத்தைக் கீறிக்கொண்டு நிற்கும். பிறகு ஆம்பளப் புள்ளையாக இருந்தால் கொழும்பில் ஒரு கடை, பொம்பளப் புள்ளையாக இருந்தால் யாரோ ஒரு வீட்டில் சமையலறை.

அதனால்தான் இன்றைக்கு ஒரு விஞ்ஞானியைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தோம். பெயர் கரோல் கிரைடர். அமெரிக்கப் பெண். மூலக்கூற்று உயிரியல் என்ற துறையில் வேலை செய்கிறவர். நம் உடம்பு எவ்வளவு சின்னச் சின்னத் துணிக்கைகளால் ஆனது, அவை எப்படி வேலை செய்கின்றன என்று ஆராய்கிற படிப்பு அது. 2009ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு இவருக்குக் கிடைத்தது. இவரோடு இவருடைய ஆசிரியை எலிசபெத் பிளக்பேர்ன், ஜக் சொஸ்டாக் என்ற இன்னொரு விஞ்ஞானி, ஆக மூன்று பேருக்கும் சேர்த்து. அதே வருசம் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கு இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது என்பது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். நம் ஆட்கள் அந்தச் செய்தியைத்தான் விழுந்து விழுந்து வாசித்தோம். அதில் தப்பில்லை. ஆனால் பக்கத்துப் பத்தியில் இருந்த இந்தப் பெண்ணின் கதையையும் வாசித்திருக்க வேண்டும்.

கரோல் 1961இல் கலிபோர்னியாவில் சன் டியாகோ என்ற ஊரில் பிறந்தவர். தகப்பனார் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் பேராசிரியர். தாயாரும் விஞ்ஞானம் படித்து கலாநிதிப் பட்டம் வாங்கியவர்தான். கரோலுக்கு 6 வயதாக இருக்கும்போது தாயார் இறந்து போனார். ஒரு வயது மூத்த அண்ணன் ஒருவர். காலையில் தானே எழும்பி, தானே உடுத்தி, தானே பாடசாலைக்குப் போகப் பழகிக்கொண்ட பிள்ளை. தாயில்லாப் பிள்ளைகள் எப்படி வளரும் என்று நம் லயங்களில் இருக்கிறவர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. பல வீடுகளில் தாய் இருந்தும் இல்லாத நிலைதானே, மத்திய கிழக்குக்குப் போன வீடுகளில்.

பாடசாலையில் கரோலுக்கு ஒரு பெரிய கஷ்டம். எழுத்துக் கூட்ட வராது. சொல்லைப் பார்த்தால் அதன் சத்தம் மனதில் வராது. சத்தத்தைக் கேட்டால் எந்த எழுத்து என்று பிடிபடாது. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது விசேட ஆசிரியர் வந்து, எல்லாப் பிள்ளைகளும் பார்க்க, இவரை மட்டும் வேறாகக் கூட்டிக்கொண்டு போய் எழுத்துச் சொல்லிக் கொடுப்பாராம். அந்த வயதில் அது எவ்வளவு வெட்கம்! "நான் ஒரு முட்டாள்" என்றுதான் அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டது. இதை அவரே பிறகு பல இடங்களில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். தனக்கு இருந்தது டிஸ்லெக்சியா என்கிற வாசிப்பு இடர்பாடு என்பது வெகு காலம் கழித்துத்தான் அவருக்கே தெரிய வந்தது. தன் புத்திக்கு ஒரு குறையும் இல்லை என்றும் அப்போதுதான் விளங்கியது.

அதற்கு முன்னால் அந்தச் சின்னப் பிள்ளை என்ன செய்தது தெரியுமா? எழுத்துக் கூட்ட வராவிட்டால் போகட்டும் என்று, சொல்லையே முழுசாக மனப்பாடம் பண்ணத் தொடங்கியது. ஒரு முகத்தைப் பார்த்து ஞாபகம் வைப்பது போல ஒவ்வொரு சொல்லையும் ஞாபகம் வைத்தது. இப்படிப் பழகிப் பழகி ஞாபக சக்தி மற்றப் பிள்ளைகளை விட அதிகமாகிவிட்டது. பின்னால் இரசாயனமும் உடற்கூறும் படிக்கும்போது அந்தப் பழக்கமே கைகொடுத்தது. இடையில் தகப்பனாரின் வேலை காரணமாக ஜேர்மனியில் ஹைடல்பேர்க் நகரத்தில் ஒரு வருசம் இருந்தார்கள். சொந்தப் பாஷையே எழுத வராத பிள்ளை, தெரியாத பாஷை பேசுகிற ஊரில்! அதையும் சமாளித்தது.

பிறகு சன்டா பார்பரா என்ற இடத்திலுள்ள பல்கலைக்கழகத்துக்குப் போனார். கடல் உயிரினங்களைப் பற்றிப் படிக்கத்தான் ஆசை. அங்கே பியட்ரிஸ் சுவீனி என்ற பேராசிரியை, முதலாம் வருசத்திலிருந்தே மாணவர்களை ஆய்வுகூடத்துக்குள் இறக்கிவிடுவார். புத்தகத்தில் தடுமாறிய பிள்ளைக்கு ஆய்வுகூடம் பிடித்துப்போனது. கையால் செய்து, கண்ணால் பார்த்து, ஏன் இப்படி என்று யோசிப்பது. அதில் இவரை மிஞ்ச ஆள் இல்லை.

மேற்படிப்புக்கு விண்ணப்பம் போட்டபோது பழைய கஷ்டம் மறுபடி வந்து நின்றது. பல்கலைக்கழகத்தில் எடுத்த புள்ளிகள் நல்லவை. ஆசிரியர்கள் கொடுத்த சான்றிதழ்களும் நல்லவை. ஆனால் மேற்படிப்புக்கென்று அமெரிக்கா முழுவதும் வைக்கிற பொதுப் பரீட்சையில் புள்ளி குறைவு. நேரத்தைக் கணக்குப் பார்த்து வேகமாக வாசிக்கிற பரீட்சை அது. அதைப் பார்த்ததுமே பல இடங்களில் கதவைச் சாத்திவிட்டார்கள். இரண்டே இரண்டு பல்கலைக்கழகங்கள்தான் "வந்து பேசு பார்ப்போம்" என்று கூப்பிட்டன. அதில் ஒன்று பெர்க்லி. அங்கேதான் எலிசபெத் பிளக்பேர்னைச் சந்தித்தார்.

இந்த இடத்தில் ஒரு சங்கிலியைச் சொல்லியாக வேண்டும். ஜோசப் கோல் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். பெண்களை ஆய்வுகூடத்தில் சேர்க்க மற்றவர்கள் தயங்கிய காலத்திலேயே, திறமை இருந்தால் வா என்று எடுத்துப் பயிற்சி கொடுத்தவர். அவரிடம் பழகியவர்தான் அவுஸ்திரேலியாவில் தஸ்மேனியா தீவில் பிறந்த பிளக்பேர்ன். பிளக்பேர்னிடம் வந்தவர் கிரைடர். இந்தத் துறையில் இவ்வளவு பெண்கள் இருப்பதற்கு கோல் போட்ட பாதைதான் காரணம் என்று கிரைடரே சொல்லியிருக்கிறார்.

இனி இவர்கள் எதைக் கண்டுபிடித்தார்கள் என்று பார்ப்போம். கஷ்டமான விசயந்தான், ஆனால் நமக்கு விளங்காதது இல்லை.

செங்கல்லால் வீடு கட்டுவது போல நம் உடம்பு கலங்களால் கட்டப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னவை. கவ்வாத்துக் கத்தி கையில் பட்டு ஒரு வெட்டுக் காயம் வந்தால், சில நாளில் தோல் மூடிக்கொள்கிறது. எப்படி? ஒரு கலம் இரண்டாகிறது, இரண்டு நாலாகிறது. ஒவ்வொரு கலத்துக்குள்ளும் 46 நிறமூர்த்தங்கள் இருக்கின்றன. தாயிடமிருந்து 23, தகப்பனிடமிருந்து 23. ஒவ்வொன்றும் நீளமான ஒரு நூல் மாதிரி. அந்த நூலுக்கு டி.என்.ஏ. என்று பெயர். உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்ற கணக்கு முழுவதும் அதில்தான் எழுதியிருக்கிறது. தமிழில் நமக்கு 247 எழுத்து. இயற்கைக்கு நாலே எழுத்து. ஏ, டீ, ஜீ, சீ என்று அவற்றை அழைக்கிறார்கள்.

கலம் இரண்டாகும்போது இந்த நூலையும் பார்த்து இன்னொரு பிரதி எடுக்க வேண்டும். அங்கேதான் ஒரு சிக்கல். வீட்டுத் தரையைச் சாணி போட்டு மெழுகியிருக்கிறீர்களே, மெழுகிக்கொண்டே பின்னால் வந்தால் கடைசியில் என்ன ஆகும்? நீங்கள் கால் ஊன்றியிருக்கிற இடம் மெழுகாமல் விட்டுப்போகும். அதே மாதிரி, டி.என்.ஏ.யைப் பிரதி எடுக்கிற யந்திரத்துக்கும் நூலின் கடைசித் துண்டைப் பிரதி எடுக்க முடியாது. ஒவ்வொரு முறையும் நுனியில் கொஞ்சம் குறையும். அப்படியானால் பரம்பரை பரம்பரையாகக் குறைந்து குறைந்து, நூலே இல்லாமல் போயிருக்க வேண்டுமே? போகவில்லையே, ஏன்?

கொழுந்துக் கூடையின் கயிற்றைப் பாருங்கள். முனையில் முடிச்சுப் போடாவிட்டால் புரி பிரிந்து, நாலு நாளில் கயிறு வீணாகிவிடும். நிறமூர்த்தத்தின் முனையிலும் அப்படி ஒரு காப்பு இருக்கிறது. அதற்கு டெலோமியர் என்று பெயர். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதின மாதிரி இருக்கும். மனிதரில் டீ டீ ஏ ஜீ ஜீ ஜீ, டீ டீ ஏ ஜீ ஜீ ஜீ என்று ஆயிரக்கணக்கான தடவை. குறைகிறது இந்த முடிச்சுத்தான். உள்ளே இருக்கிற முக்கியமான கணக்குக்குச் சேதம் இல்லை.

இந்த முனையை முதலில் வாசித்தவர் பிளக்பேர்ன். எதில் வாசித்தார் தெரியுமா? குளத்துத் தண்ணீரில் வாழ்கிற, ஒரே ஒரு கலம் மட்டும் உள்ள டெட்ராஹைமினா என்ற உயிரில். "இந்த அழுக்குத் தண்ணிப் பூச்சியைப் பார்த்து என்ன பிரயோசனம்?" என்று யாரும் கேட்கலாம். நம் கலத்தில் 46 நிறமூர்த்தம் என்றால் 92 முனைதான். அந்தக் குளத்து உயிரிலோ குட்டிக் குட்டித் துண்டுகளாகப் பல்லாயிரம் முனைகள். முனையைப் பற்றிப் படிக்க விரும்பினால் முனை அதிகமாக உள்ள இடத்தில்தானே தேட வேண்டும். மீன் பிடிக்கிறவனுக்குத் தெரிந்த நியாயந்தான். 1978இல் பிளக்பேர்னும் கோலும் அந்த முனையின் எழுத்துக்களை வெளியிட்டார்கள். டீ டீ ஜீ ஜீ ஜீ ஜீ என்று ஆறு எழுத்து, மறுபடி மறுபடி. பின்பு சொஸ்டாக்கும் பிளக்பேர்னும் சேர்ந்து, அந்தக் குளத்து உயிரின் முனையை எடுத்து ஈஸ்டில், அதாவது பாண் மாவைப் புளிக்கப் பண்ணுகிற அதே ஈஸ்டில், வைத்துப் பார்த்தார்கள். அங்கேயும் அது காவல் செய்தது. 1982இல் அதை எழுதினார்கள்.

குறைகிற முனையை மறுபடி கட்டிக் கொடுக்கிற ஏதோ ஒன்று கலத்துக்குள் இருக்க வேண்டும் என்று பிளக்பேர்னுக்கு ஒரு சந்தேகம். ஆனால் கண்டவர் இல்லை. 1984இல் 23 வயதுப் பெண்ணாக வந்து சேர்ந்த கரோல், "அதை நான் தேடுகிறேன்" என்று முன்வந்தார். கிடைக்காமலே போகக்கூடிய வேலை. வருசக்கணக்காகத் தேடி வெறுங்கையோடு நிற்க வேண்டியும் வரலாம். பாடசாலையில் முட்டாள் என்று தன்னை நினைத்த பிள்ளை, எல்லாரும் ஒதுங்கிப் போகிற வேலையைத்தான் எடுத்தது.

குளத்து உயிரின் கலங்களை உடைத்துச் சாறு எடுத்து, அதில் சின்ன டி.என்.ஏ. துண்டுகளைப் போட்டு, எழுத்துக்களையும் சேர்த்து வைப்பார். ஏதாவது கூடியிருக்கிறதா என்று எக்ஸ்ரே பிலிமில் பார்ப்பார். பல மாதம் ஒன்றும் தெளிவாக வரவில்லை. முறையைக் கொஞ்சம் மாற்றுவார், மறுபடி செய்வார். 1984 டிசெம்பர் 25ஆம் திகதி, நத்தார் தினம். ஊரே கொண்டாட்டத்தில் இருக்கிறது. கரோல் ஆய்வுகூடத்துக்குப் போய் பிலிமைக் கழுவிப் பார்த்தார். ஏணிப்படி மாதிரிக் கோடு கோடாகத் தெரிந்தது. ஒவ்வொரு படிக்கும் ஆறு எழுத்து இடைவெளி. முனையின் சொல்லும் ஆறு எழுத்துத்தான்! யாரோ அந்தச் சாற்றுக்குள் உட்கார்ந்துகொண்டு முனையில் சொல்லுக்குச் சொல் சேர்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். வீட்டுக்குப் போய்ப் பாட்டுப் போட்டுத் தனியே ஆடினாராம்.

அடுத்ததாக இவர்கள் செய்ததுதான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. கண்டுபிடித்தோம் என்று உடனே தப்பட்டை அடிக்கவில்லை. "நாம் ஏமாந்திருக்கலாம். வேறு ஏதாவது இதைச் செய்கிறதா?" என்று ஆசிரியையும் மாணவியும் மாதக் கணக்காகத் தங்களுடைய முடிவையே உடைக்கப் பார்த்தார்கள். உடைக்க முடியவில்லை. 1985 டிசெம்பரில்தான் கட்டுரை வெளிவந்தது. அந்தப் பொருளுக்கு இப்போது டெலோமரேஸ் என்று பெயர். அது ஒரு நொதியம். சோற்றைச் செமிக்கப் பண்ணுகிற எச்சிலில் இருக்கிறதே, அந்த மாதிரி ஒரு வேலைக்காரப் பொருள். இந்த வேலைக்காரன் ஒரு அச்சையும் தன் கையிலேயே கொண்டு திரிகிறான். அந்த அச்சைப் பார்த்துத்தான் முனையை எழுதுகிறான். கிரைடர் 1987இல் கலாநிதிப் பட்டம் பெற்று, நியூயோர்க் பக்கத்திலுள்ள கோல்ட் ஸ்பிரிங் ஹாபர் ஆய்வுகூடத்துக்குப் போய், 1989இல் அந்த அச்சையும் எழுத்தெழுத்தாக வாசித்துக் காட்டினார்.

இதனால் மனிதருக்கு என்ன என்ற கேள்விக்குப் பதில் பிறகுதான் வந்தது. மனிதக் கலங்களை வெளியே எடுத்து வளர்த்தால் அவை சுமார் 50 தடவை இரண்டாகிவிட்டு நின்றுவிடும் என்று லெனார்ட் ஹேஃபிளிக் என்பவர் 1961இலேயே காட்டியிருந்தார். ஏன் நிற்கிறது என்று தெரியாமல் இருந்தது. 1990இல் கிரைடரும் கல்வின் ஹார்லி முதலியோரும், அந்தக் கலங்கள் இரண்டாக இரண்டாக முனை தேய்ந்துகொண்டே வருகிறது என்று காட்டினார்கள். முடிச்சுத் தேய்ந்தால் கலம் "போதும்" என்று நின்றுவிடுகிறது.

(இந்த இடத்தில் பின்வரிசையிலிருந்த ஒரு அம்மா எழும்பிக் கேட்டார்: "அப்ப ஐயா, அந்த முனையைத் தேயாம வச்சிக்கிட்டா சாகவே மாட்டோமா?")

நல்ல கேள்வி அம்மா. உலகமே கேட்ட கேள்வி. ஆனால் நிற்காமல் பெருகிக்கொண்டே போகிற கலத்துக்கு நாம் என்ன பெயர் வைத்திருக்கிறோம்? புற்றுநோய். புற்றுநோய்க் கலங்களில் பத்தில் எட்டு ஒன்பதில் இந்த டெலோமரேஸ் முழித்துக்கொண்டு வேலை செய்கிறது. நம் சாதாரண கலங்கள் பெரும்பாலானவற்றில் அது தூங்குகிறது. ஆக, கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. பிறப்பிலேயே முனை கட்டையாக உள்ள சில குடும்பங்களில் எலும்பு மச்சையில் இரத்தம் ஊறாமல் போவதும், நுரையீரல் தடித்து மூச்சு முட்டுவதும் வருகிறது. கிரைடர் 1997இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறிய பிறகு, அங்குள்ள டொக்டர்களோடு சேர்ந்து இந்த நோய்களைப் பற்றி நிறைய வேலை செய்தார். டெலோமரேஸை மடக்குகிற மருந்தொன்றை, ஒரு வகை இரத்த நோய்க்காரருக்குக் கொடுக்க 2024இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. நத்தார் தினத்தில் பிலிம் கழுவியதிலிருந்து எண்ணிப் பாருங்கள், 40 வருசம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். முனையை நீட்டுகிறது, இளமையைத் திருப்பித் தருகிறது என்று சொல்லிக்கொண்டு மாத்திரையோ பொடியோ பை நிறையக் கொண்டுவந்து யாராவது லயத்தில் விற்க வந்தால், வாங்காதீங்க. அந்தக் காசுக்குப் பிள்ளைக்கு முட்டை வாங்கிக் கொடுங்க.

2009 ஒக்டோபர் 5ஆம் திகதி, விடிய ஐந்து மணிக்கு முன்னால் கிரைடர் வீட்டில் போன் அடித்தது. அப்போது அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். நோபல் பரிசு வாங்குகிற பெண்ணும் விடியற்காலையில் எழும்பித் துணி மடிக்கிறாள் பாருங்கள். காலையில் சிநேகிதியோடு உடற்பயிற்சிக்குப் போவதாக இருந்தாராம். வர முடியாது, எனக்கு நோபல் பரிசு கிடைத்திருக்கிறது என்று போனில் செய்தி எழுதி அனுப்பினார். விஞ்ஞானத்துக்கான ஒரு நோபல் பரிசு இரண்டு பெண்களுக்குச் சேர்த்துக் கிடைத்தது சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. ஆசிரியையும் மாணவியும்! பத்திரிகைக்காரர் படம் பிடிக்க வந்தபோது தன் இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பரிசு வாங்கிய ஆண்களுக்கும் இந்த வயதுப் பிள்ளைகள் இருந்தார்கள், அவர்களுடைய படத்தில் பிள்ளைகளைக் காணோமே என்று பிறகு ஒரு பேட்டியில் கேட்டார். நம் கூட்டத்தைப் பாருங்கள். இங்கேயும் மடியில் பிள்ளையோடு இருப்பது அம்மாமார்தான். ஐயாமார் கையை வீசிக்கொண்டு வாசல்பக்கம் நிற்கிறீங்க. (சிரிப்பு)

கிரைடர் 2020இல் மறுபடி கலிபோர்னியாவுக்கே போய், சன்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். "அந்தப் பொண்ணு பேராசிரியர் மகள். நம்ம புள்ள கதை வேற" என்று நீங்கள் நினைப்பது எங்களுக்குத் தெரிகிறது. உண்மைதான். மறைத்துப் பேசி ஒன்றும் ஆகாது. அந்தப் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க வேறாக ஒரு ஆசிரியர் வந்தார். வீட்டில் புத்தகம் இருந்தது, வெளிச்சம் இருந்தது, படிக்க ஒரு தனி அறை இருந்தது. நம் பிள்ளை பத்தடிக் காம்பராவில், அடுப்புப் புகையில், தம்பி தங்கை அழுகிற சத்தத்தில் படிக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள். இவ்வளவு வசதி இருந்தும் அந்தப் பிள்ளை தன்னை முட்டாள் என்றுதான் நினைத்தது. அப்படியானால் ஒரு வசதியும் இல்லாத நம் பிள்ளை என்ன நினைக்கும்? அதற்கு மேல் நாமும் வாய் விட்டுச் சொன்னால்?

டிஸ்லெக்சியா உள்ள பிள்ளையின் கண்ணிலும் குறையில்லை, புத்தியிலும் குறையில்லை. எழுத்தையும் சத்தத்தையும் இணைக்கிற இடத்தில்தான் மூளைக்குத் தடுமாற்றம். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கும் வரலாம். உங்கள் பிள்ளை கதை சொன்னால் நன்றாகச் சொல்லும், கடைக் கணக்கு வாயால் சரியாகச் சொல்லும், ரேடியோவைக் கழற்றிப் பூட்டும். ஆனால் எழுதச் சொன்னால் "கொ"வும் "கெ"யும் குழம்பும், கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாகப் போகும், சொல்லில் நடு எழுத்து விட்டுப்போகும், சத்தமாக வாசி என்றால் வயிற்று வலி வந்துவிடும். இப்படிப்பட்ட பிள்ளையைப் பற்றித்தான் பேசுகிறோம்.

ஆனால் வாசிக்க வராத எல்லாப் பிள்ளைக்கும் டிஸ்லெக்சியா என்று முடிவுகட்டி விடாதீங்க. முதலில் கண்ணைக் காட்டுங்கள், காதைக் காட்டுங்கள். கரும்பலகை தெரியாமல் ஐந்தாம் ஆண்டு வரை வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். காலையில் வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு இரண்டு கட்டை நடந்து வருகிற பிள்ளைக்கும் எழுத்து ஓடாது. இரத்தச் சோகை உள்ள பிள்ளை வகுப்பில் தூங்கும். இதையெல்லாம் பார்த்து, அதற்கும் பிறகு தடுமாற்றம் இருந்தால் வகுப்பாசிரியரிடம் போய்க் கேளுங்கள். போகத் தயங்கினால் எங்களைக் கூப்பிடுங்கள், நாங்களும் கூட வருகிறோம். விசேட கல்வி பற்றி வலயக் கல்வி அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. அடிக்காதீங்க, அதுதான் முதல். அடித்தால் பயம் வரும், எழுத்து வராது. ஒரு நாளைக்குப் பத்து நிமிசம், பத்தே நிமிசம், பிள்ளையைப் பக்கத்தில் வைத்து ஒரு எழுத்தை மண்ணில் விரலால் எழுதச் சொல்லி, அதன் சத்தத்தை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரியாதா? பரவாயில்லை. அண்ணன் அக்காவை வாசிக்கச் சொல்லி, நீங்களும் சேர்ந்து கேளுங்கள். வாசிக்க வராத பிள்ளைக்கு வேறு எது வருகிறது என்று பாருங்கள். தவறணையில் கன்று கட்டுகிற கையா, படம் வரைகிற கையா, கணக்கா? அதைச் சொல்லிப் பாராட்டுங்கள். கரோலுக்கு ஆய்வுகூடத்தில் கை ஓடியது போல, நம் பிள்ளைக்கு எங்கே ஓடும் என்று பிள்ளை வளர்ந்து பார்த்தால்தானே தெரியும்.

பாடசாலையை மட்டும் நிப்பாட்டாதீங்க. 16 வயது வரை பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்ப வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். அந்த வயதுக்கு முன் வேலைக்கு வைப்பதும் சட்டப்படி குற்றம். கொழும்பிலிருந்து யாராவது வந்து, "நல்ல வீடு, மகள் மாதிரிப் பார்த்துக்கொள்வாங்க" என்று முற்பணத்தை நீட்டினால், கையை நீட்டுவதற்கு முன்னால் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். காசுக் கஷ்டம் என்றால் அதற்கு என்ன செய்யலாம் என்று சேர்ந்து உட்கார்ந்து பேசுவோம்.

வருகிற சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குப் பிள்ளைக் காம்பராவில் வாசிப்பு வகுப்புத் தொடங்குகிறோம். உயர்தரம் படித்த நம் தோட்டத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். காசு ஒன்றும் இல்லை. பாடசாலையை விட்டு நின்ற பிள்ளைகளும் வரலாம், அவர்களைத்தான் முக்கியமாக எதிர்பார்க்கிறோம். ஒரு பென்சிலும் பழைய கொப்பி ஒன்றும் கொடுத்து அனுப்புங்கள். பின்பக்கம் வெறுமையாக இருந்தால் போதும்.